பஸ் வண்டியில் ஓர் ஆசனம்: மொன்ற்கோமரி மக்களின் சத்தியாக்கிரகம்

பெருங் காரியங்கள் சிறிய இடங்களிலே தொடங்குவதைச் சரித்திரம் பலமுறை காட்டியுள்ளது. 1893ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் திகதி இரவு, தென்னாபிரிக்காவின் பீற்றர்மரிற்ஸ்பேர்க் புகையிரத நிலையத்திலே, முதலாம் வகுப்புச் சீட்டுடன் பிரயாணஞ் செய்த இளம் பாரிஸ்டர் ஒருவர், தம் நிறத்தின் காரணமாக வண்டியினின்றும் இறக்கிவிடப்பட்டார். அவரே பின்னாளில் மகாத்மா காந்தி என உலகம் போற்றிய பெரியார். 62 ஆண்டுகள் கழித்து, 1955ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 1ஆம் திகதி மாலை, ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகராகிய மொன்ற்கோமரியிலே, றோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, தாம் அமர்ந்திருந்த பஸ் ஆசனத்தை விட்டு எழுந்திருக்க மறுத்தார். இரு நிகழ்ச்சிகளுக்கும் பொருள் ஒன்றே. கட்டணஞ் செலுத்திய பிரயாணிக்கு உரிய ஆசனத்தை அவரது நிறம் பறித்துவிடலாமா என்பதே அது.

மொன்ற்கோமரியின் கதையைப் பலரும் கேள்வியுற்றிருப்பர். வேலை செய்து களைத்த பெண்ணொருத்தியின் திடீர்த் துணிவு என்று சிலர் கூறுவர். சொல்வன்மை மிக்க ஓர் இளம் போதகரின் வெற்றி என்று வேறு சிலர் கூறுவர். இவ்விரண்டும் பாதி உண்மைகளே. அவ்வெற்றிக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான ஆயத்தமும், பெயர் தெரியாத பல்லாயிரம் மக்களின் கட்டுப்பாடும் இருந்தன. அவற்றை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரும் வண்டியும்

மொன்ற்கோமரி மாபெரும் நகரமன்று, சிற்றூருமன்று. 1950ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 106,000 பேருக்குச் சற்று அதிகமாவர். அவர்களுள் ஐவருக்கு இருவர் என்னும் அளவிற் கறுப்பினத்தவர் இருந்தனர். அடிமை முறையைக் காக்கும் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவினின்றும் பிரிந்த தென்மாநிலங்கள், 1861ஆம் ஆண்டிலே தம் முதலாவது தலைநகராகத் தெரிந்தெடுத்த இடமும் இதுவே.

ஆயினும் போக்குவரத்துத் துறையில் இந்நகரம் ஒரு முன்னோடி. நகரம் முழுவதற்குமான மின்சார ட்ராம் சேவையை அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்ட நகரங்களுள் இதுவும் ஒன்று. 1886ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆம் திகதி ஓடத் தொடங்கிய அந்த ட்ராம் வண்டிகளின் வழியை மக்கள் 'மின்னற் பாதை' என்றழைத்தனர். சரியாக ஐம்பது ஆண்டுகள் ஓடிய பின் 1936இல் அவை நிறுத்தப்பட, அவற்றின் இடத்தைப் பஸ் வண்டிகள் பெற்றன.

வண்டி மாறியதேயன்றி வழக்கம் மாறவில்லை. 1896ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், ஒரு புகையிரத வழக்கில், இனத்தவரைப் பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தாற் போதும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நிழலிலே தென்மாநிலங்கள் பாடசாலை முதல் நீர்க்குழாய் வரை யாவற்றையும் நிறத்தால் வகுத்தன. மொன்ற்கோமரி நகரசபையும் 1900ஆம் ஆண்டிலே, ட்ராம் வண்டியில் வெள்ளையரும் கறுப்பரும் வேறுவேறாக இருத்தல் வேண்டும் என்று சட்டமியற்றியது. அப்பொழுதே அந்நகரின் கறுப்பின மக்கள் ட்ராம் வண்டிகளைப் பகிஷ்கரித்தனர் என்பது கவனிக்கத்தக்கது. வேறு ஆசனம் இல்லாதபோது எவரையும் எழுப்பி நிற்கவைத்தலாகாது என்றொரு வரம்பு நகரச் சட்டத்தில் இருந்தது. காலப்போக்கில் அவ்வரம்பு ஏட்டில் மட்டும் எஞ்சியது. எழுதிய சட்டத்திலும் எழுதாத வழக்கமே கொடியதாயிற்று.

பின்வாசல்

1955ஆம் ஆண்டில் அந்நகரின் பஸ் சேவையை நடத்தியது மொன்ற்கோமரி சிற்றி லைன்ஸ் என்னும் கம்பனி. அது சிக்காகோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நாஷனல் சிற்றி லைன்ஸ் என்னும் பெருங் கம்பனிக்குச் சொந்தமானது. ஒவ்வொரு பஸ்ஸிலும் 36 ஆசனங்கள் இருந்தன. முன்னாலுள்ள பத்தும் வெள்ளையருக்கே உரியன. அவை வெறுமையாகக் கிடந்தாலும், நின்றுகொண்டிருக்கும் கறுப்பினத்தவர் அவற்றில் அமரலாகாது. பின்னாலுள்ள பத்தும் வழக்கத்தாற் கறுப்பினத்தவருக்கு விடப்பட்டன. நடுவிலுள்ள பதினாறும் சாரதியின் விருப்பத்துக்குட்பட்டவை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் இருத்தல் கூடாதாகையால், வெள்ளையர் ஒருவருக்கு இடந்தரும் பொருட்டு ஒரு வரிசையிலுள்ள கறுப்பினத்தவர் நால்வரும் எழுந்திருக்க வேண்டும்.

சாரதிகள் யாவரும் வெள்ளையர். ஆசனங்களை ஒதுக்கும் விடயத்தில் அவர்களுக்குப் பொலிசாரின் அதிகாரமும் கொடுக்கப்பட்டிருந்தது. கறுப்பினப் பிரயாணி முன்வாசலில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, மீண்டும் இறங்கிச் சென்று பின்வாசலால் ஏறவேண்டும் என்று பல சாரதிகள் வற்புறுத்தினர். அவர் பின்வாசலை அடையுமுன் வண்டியை ஓட்டிச் சென்றுவிடுதலும் உண்டு. காசை முன்வாசலில் வாங்கிக்கொண்டு ஆளைப் பின்வாசலுக்கு அனுப்பும் இந்த ஏற்பாட்டின் கொடுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதிலொரு விந்தையும் உண்டு. அப்பஸ்களிற் பிரயாணஞ் செய்தோருள் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். வெள்ளையரிற் பலரிடம் சொந்தக் கார் இருந்தது. வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களும், கூலிவேலைக்குச் செல்லும் ஆண்களும் நாள்தோறும் கொடுத்த பத்துச் சதங்களே அக்கம்பனியை வாழவைத்தன. தாம் அவமதிக்கும் மக்களின் காசிலேயே அச்சேவை ஓடியது. இவ்வுண்மையைக் கண்டுணர்ந்த நாளிலேதான் மொன்ற்கோமரியின் விடுதலை தொடங்கியது எனலாம்.

ஆயத்தம்

அதனை முதலிற் கண்டுணர்ந்து செயற்பட்டோருள் ஆசிரியைகள் முன்னின்றனர். 1946ஆம் ஆண்டில் மேரி பெயர் பேர்க்ஸ் என்பவர் பெண்கள் அரசியற் கழகம் ஒன்றை நிறுவினார். அவருக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் அலபாமா அரசினர் கல்லூரியிலே ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் றொபின்சன். பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டவிரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி தீர்ப்பளித்தது. நான்கு நாட்களின் பின் றொபின்சன் அம்மையார் நகரபிதாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரயாணிகளில் முக்காற் பங்கினர் கறுப்பினத்தவர் என்பதையும், நிலைமை திருந்தாவிடில் அவர்கள் பஸ்களைப் பகிஷ்கரிக்கக் கூடும் என்பதையும் அதிலே பணிவுடன் எடுத்துரைத்தார். றோசா பார்க்ஸ் கைது செய்யப்படுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்னரே எழுதப்பட்ட கடிதம் அது.

அதற்கும் முந்திய ஆண்டிலே, 1953 யூன் மாதத்தில், லூசியானா மாநிலத்துப் பற்றன் றூஜ் நகரில் ஜெமிசன் என்னும் போதகரின் தலைமையிற் கறுப்பின மக்கள் பஸ்களைப் புறக்கணித்து, கார்களில் ஒருவரையொருவர் இலவசமாக ஏற்றிச் சென்றனர். அது சில நாட்களே நீடித்தது. எனினும் பின்வந்தோருக்கு அது நல்ல பாடமாயிற்று.

1955ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி, கிளோடெற் கொல்வின் என்னும் 15 வயதுப் பாடசாலை மாணவி மொன்ற்கோமரி பஸ்ஸில் எழ மறுத்துக் கைதானாள். அவ்வாண்டு ஒக்டோபரிலே மேரி லூயிஸ் சிமித் என்னும் 18 வயது யுவதி கைதானாள். சரித்திரப் புத்தகங்கள் பல இவர்களின் பெயரைச் சொல்லாது கடந்து செல்கின்றன. ஆனால் இவ்விளம் பெண்களே பின்னர் வழக்கில் வாதிகளாக நின்று வென்றனர் என்பதை வாலிபராகிய நாம் மறத்தலாகாது.

றோசா பார்க்ஸ் அம்மையாரும் தற்செயலாக அரங்கேறியவர் அல்லர். 42 வயதான அவர், ஒரு பெரிய கடையிலே தையல் வேலை செய்தவர். கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த தேசிய சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு நெடுங்காலம் செயலாளராகக் கடமையாற்றியவர். 1955ஆம் ஆண்டுக் கோடையிலே டெனிசி மாநிலத்து ஹைலண்டர் கல்வி நிலையத்திற் சமூகத் தொண்டருக்கான பயிற்சியும் பெற்றிருந்தார். அன்று அவரை எழும்பும்படி ஆணையிட்ட சாரதி, 1943ஆம் ஆண்டில் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட அதே சாரதியே. வரிசையிலிருந்த மற்றை மூவரும் எழுந்தனர், அவர் எழவில்லை. உடலின் களைப்பினால் அன்று, விட்டுக்கொடுத்துக் களைத்தமையாலேயே தாம் எழவில்லை என்று பிற்காலத்தில் அவரே விளக்கினார்.

அன்றிரவே றொபின்சன் அம்மையார் தம் மாணவர் இருவரின் துணையோடு கல்லூரியின் றோணியோ இயந்திரத்திலே பல்லாயிரம் துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டார். விடிந்ததும் அவை நகரெங்கும் பரவின. டிசெம்பர் 5ஆம் திகதி திங்கட்கிழமை ஒருவரும் பஸ்ஸில் ஏறவேண்டாம் என்பதே செய்தி.

381 நாட்கள்

அன்று பஸ்கள் ஏறக்குறைய வெறுமையாகவே ஓடின. நீதிமன்றம் பார்க்ஸ் அம்மையாருக்கு 10 டொலர் தண்டமும் 4 டொலர் செலவும் விதித்தது. அன்று பிற்பகல் மொன்ற்கோமரி முன்னேற்றச் சங்கம் உதயமாயிற்று. நகருக்கு வந்து நெடுநாளாகாத 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் அதன் தலைவராகத் தெரிவானார். மாலையில் ஹோல்ற் வீதித் தேவாலயத்திலும் அதன் புறத்தும் திரண்ட மக்கள், ஒருநாட் பகிஷ்காரத்தைத் தொடர்வதெனத் தீர்மானித்தனர்.

அவர்களின் முதற் கோரிக்கைகள் மூன்று. சாரதிகள் மரியாதையாக நடத்தல் வேண்டும். கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும், முந்தி வந்தோர் முந்தி அமர்தல் வேண்டும். கறுப்பினத்தவர் மிகுந்த பாதைகளிலே கறுப்பினச் சாரதிகளை நியமித்தல் வேண்டும். இனப்பிரிவினையை முற்றாக ஒழிக்கும்படி அவர்கள் முதலிற் கேட்கவுமில்லை. இச்சிறு சலுகையையும் நகரசபையும் கம்பனியும் மறுத்தன. சிறிது கேட்டோருக்கு அதனையும் மறுத்தபடியாற் பெரிதைக் கேட்கும் துணிவு பிறந்தது.

பஸ் இல்லாமற் பல்லாயிரம் பேர் வேலைக்குச் செல்வதெப்படி? கறுப்பின வாடகைக் கார்ச் சாரதிகள் முதலிற் பத்துச் சதத்துக்கே ஆட்களை ஏற்றினர். குறைந்த கட்டணம் 45 சதம் என்னும் விதியைக் காட்டிப் பொலிசார் அதனைத் தடுத்தனர். உடனே சங்கத்தார் பற்றன் றூஜ் நகரின் அனுபவத்தைக் கேட்டறிந்து, ஏறத்தாழ 300 கார்களைக் கொண்ட ஒரு போக்குவரத்துச் சேவையைத் தாமே அமைத்தனர். காலையில் ஏறுமிடங்கள், மாலையில் ஏறுமிடங்கள் என நாற்பதுக்கு மேற்பட்ட தரிப்பிடங்கள் வகுக்கப்பட்டன. தேவாலயங்கள் தம் பெயரில் வண்டிகளை வாங்கின. காப்புறுதிக் கம்பனிகள் அவற்றின் காப்புறுதியை ரத்துச் செய்தபோது, இலண்டன் லொயிட்ஸ் மூலம் புதிய காப்புறுதி பெறப்பட்டது. ஒரு பொதுப் போக்குவரத்துச் சேவையை நடத்தும் ஆற்றல் தமக்குண்டு என்பதை, அச்சேவையிற் பின்வாசலுக்குத் தள்ளப்பட்ட மக்களே செய்து காட்டினர்.

இதற்கு வேண்டிய பணம் செல்வரிடமிருந்து மட்டும் வரவில்லை. ஜோர்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரப் பெண்மணி, தம்போன்ற பெண்களைச் சேர்த்து, உணவும் பலகாரமும் செய்து விற்றுப் பணம் திரட்டினார். கொடுத்தவரின் பெயர் வெளியானால் அவர் வேலை போய்விடும். ஆகையால் அப்பணம் எங்கிருந்தும் வராத பணம் என்றே கணக்கில் வந்தது. காரில் இடம் பெறாதோர் நடந்தனர். பொலார்ட் என்னும் மூதாட்டியிடம் களைப்பில்லையா என்று கேட்டபோது, காலுக்குக் களைப்புத்தான், ஆன்மாவுக்கோ ஆறுதல் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தாராம்.

கம்பனியின் நிலைமை தளர்ந்தது. 1956 ஜனவரியிலே கட்டணம் 10 சதத்திலிருந்து 15 சதமாக உயர்த்தப்பட்டது. ஏப்ரில் மாதத்தில் வேறொரு மாநிலத்துப் பஸ் வழக்கு முடிவைக் கண்ட கம்பனி, இனப்பிரிவினையைக் கைவிட ஆயத்தமாயிற்று. அப்பொழுது நகர ஆட்சியாளர் நீதிமன்றம் சென்று, பிரிவினையைத் தொடரும்படி கம்பனிக்குக் கட்டளை பெற்றனர். வியாபாரி நட்டத்தைக் கண்டு மனம் மாறினாலும், பரம்பரைக் கர்வம் நட்டத்தைக் கண்டும் மனம் மாறுவதில்லை.

துன்பங்களும் பல வந்தன. 1956 ஜனவரி 30ஆம் திகதி இரவு கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே அவருடைய மனைவியும் பச்சிளங் குழந்தையும் இருந்தனர். வெகுண்டெழுந்து கூடிய மக்களை, வன்முறைக்கு வன்முறை விடையன்று என்று கூறிக் கிங் வீட்டிற்கு அனுப்பினார். பெப்ரவரி மாதத்தில், 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் 89 பேர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. பொலிசார் தேடிவருமுன் பலர் தாமாகவே சென்று சரணடைந்தனர். மறியலுக்கு அஞ்சாத மக்களை எதைக்கொண்டு அடக்குவது?

தீர்ப்பு

1956 பெப்ரவரி 1ஆம் திகதி, பிரெட் கிறே என்னும் இளஞ் சட்டத்தரணி, கொல்வின், சிமித் ஆகிய இளம்பெண்களையும் ஒறீலியா பிறவுடர், சூசி மக்டொனல்ட் ஆகிய மூத்த பெண்களையும் வாதிகளாகக் கொண்டு கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். யூன் 5ஆம் திகதி மூன்று நீதிபதிகளுள் இருவர், பஸ்களில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்றனர். நவம்பர் 13ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் மக்களின் கார்ச் சேவைக்குத் தடைவிதித்தது. அதன் பின்னும் ஒரு மாதத்துக்கு மேல் மக்கள் நடந்தே சென்றனர்.

உச்ச நீதிமன்றத்தின் கட்டளை டிசெம்பர் 20ஆம் திகதி நகரை வந்தடைந்தது. மறுநாட் காலை, 381 நாட்களின் பின், அவர்கள் பஸ்ஸில் ஏறி விரும்பிய ஆசனத்தில் அமர்ந்தனர். வெற்றியிலே செருக்குக் கொள்ளாது, எதிர்த்தோரை நண்பராக்கும் முறையில் நடக்கவேண்டும் என்று முன்னரே அவர்களுக்குப் பயிற்சியளிக்கப்பட்டிருந்தது. இருந்தும் பஸ்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடைபெற்றது. ஒரு கர்ப்பிணிப் பெண் காலிற் காயமுற்றாள். ஜனவரியிலே தேவாலயங்கள் குண்டுவீச்சுக்கு இலக்காயின. வேலையிழந்த பார்க்ஸ் அம்மையார் 1957இல் டெற்றோயிற் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

வென்றது நீதிமன்றமா, பகிஷ்காரமா என்று வினவுவோர் உளர். நீதிமன்றம் சட்டத்தை மாற்றியது. பகிஷ்காரம் மக்களை மாற்றியது. ஆசனத்தில் அமர உரிமை கொடுப்பது தீர்ப்பு. அமரும் துணிவைக் கொடுத்தது அந்த 381 நாள் நடை.

காந்தி வழி சென்ற பாதை

1955 டிசெம்பர் 12ஆம் திகதி, யூலியற் மோர்கன் என்னும் வெள்ளையின நூலகர், உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் இவ்வியக்கத்தைக் காந்தியடிகளின் உப்புச் சத்தியாக்கிரகத்தோடு ஒப்பிட்டார். அதன் பொருட்டுத் தம் இனத்தவராலேயே துன்புறுத்தப்பட்டார். கிறித்து நாதர் உணர்வைத் தந்தார், காந்தி வழியைத் தந்தார் என்பது கிங்கின் கூற்று.

அவ்வழி அமெரிக்கா சென்றடைந்த பாதையில் எமது நாடும் ஒரு தரிப்பிடம். 1935ஆம் ஆண்டிலே ஹொவார்ட் தேர்மன் என்னும் கறுப்பினப் போதகர் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்கு நல்லெண்ண யாத்திரை வந்தார். கொழும்பிலே சட்டக் கல்லூரியில் அவர் பேசியபின், அங்குள்ள ஒருவர் அவரை நோக்கி, உம் முன்னோரை அடிமையாக விற்றவர்களின் சமயத்தை நீர் எவ்வாறு போதிக்கிறீர் என்று கேட்டார். அக்கேள்வி அவரை விட்டகலவில்லை. ஒடுக்கப்பட்டோருக்கும் இயேசுவுக்கும் உள்ள உறவைப் பற்றி 1949இல் அவர் வெளியிட்ட நூல் அக்கேள்வியோடுதான் தொடங்குகின்றது. 1936இல் அவர் காந்தியடிகளையும் கண்டார். அகிம்சையின் தூய செய்தி உலகுக்குக் கறுப்பின மக்கள் மூலமே கிடைக்கக் கூடும் என்று அடிகள் அப்பொழுது கூறினார். மொன்ற்கோமரி அவ்வாக்கை மெய்ப்பித்தது.

அச்சத்தியாக்கிரகம் பிறந்த தென்னாபிரிக்காவிலே அதற்காக முதலில் மறியல் சென்றோருட் பெருந்தொகையினர் தமிழர். சிறையில் நோயுற்று 1914இல், 16 வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையை நாம் அறிவோம். எனவே மொன்ற்கோமரியின் வெற்றியைக் கண்டு நாம் மகிழ்வதற்கு உரிமையுண்டு. ஆனால் மகிழ்ச்சியோடு நின்றுவிடலாமா?

நமது வாசல்கள்

1959ஆம் ஆண்டிற் கிங் இந்தியாவுக்குச் சென்றபோது, திருவனந்தபுரத்திலே ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பயிலும் பாடசாலையொன்றின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டப்படாதவர் என்று அவரை அறிமுகஞ் செய்தாராம். முதலில் அதிர்ச்சியுற்ற கிங், சிறிது சிந்தித்தபின், ஆம், நானும் அத்தகையவனே என்று தமக்குள் ஒப்புக்கொண்டதாகப் பின்னர் ஒரு பிரசங்கத்திற் கூறினார். அவர் தம்மை அப்பிள்ளைகளோடு சேர்த்து எண்ணினார். நாம் எவரோடு சேர்த்து எண்ணப்படுவோம்?

1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது எம் முன்னோர் அவரைத் தலைமேற் கொண்டாடினர். தீண்டாமையை விடும்படி அவர் இங்கும் கூறிச் சென்றார். அதன்பின் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருத்தல் வேண்டும் என்னும் சம ஆசன விதி வந்தபோது, அதனை எதிர்த்தோர் சில பாடசாலைகளைத் தீக்கிரையாக்கினர். 1961ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே மொழியுரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே எம் சகோதரர் சிலர் வழிபாட்டுரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. ஒரு வாசலில் நீதி கேட்டு அமர்ந்த சமூகமே மற்றொரு வாசலைத் தன் சகோதரருக்கு அடைத்து நின்றது. இதனைப் பெரியோர் மனத்தைப் புண்படுத்தும் பொருட்டுக் கூறவில்லை. அக்காலத்திலே சம ஆசனத்துக்காகத் துணிந்து நின்ற பெரியோரும் நம்மிடையே இருந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளவே இளைஞர் விரும்புகின்றனர்.

மொன்ற்கோமரியின் பஸ்ஸிலே முன்வாசலிற் காசு வாங்கிப் பின்வாசலில் ஏற்றினர். நம் ஊர்களிலும் தேருக்கு வடம் பிடிக்கவும், மண்டபம் கட்ட உழைக்கவும், சங்கத்துக்குச் சந்தா கொடுக்கவும் அழைத்துவிட்டு, நிர்வாக சபையிலும் பந்தியிலும் மூலஸ்தானத்து வாசலிலும் வேறு வழி காட்டப்படுவோர் எவரேனும் உளரா என்று ஒவ்வொரு சங்கமும் தன் கணக்கைப் பார்த்தல் நன்று. உளரெனின், அதனைத் திருத்துவதற்கு உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியதில்லை. ஓர் ஆசிரியை, இரண்டு மாணவர், ஒரு றோணியோ இயந்திரம், ஓரிரவு ஆகியவற்றோடு ஒரு நகரம் நடக்கத் தொடங்கியது. நம்மிடம் அவற்றினும் அதிகம் உண்டு. அடுத்த பொதுக்கூட்டத்துக்குமுன் நாம் செய்யக்கூடிய முதல் வேலை, நம் சங்கத்தின் வாசல் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே.